வாசகர் விலகும் இடம்: பலெர்மோ நகரின் இரு நாவல்களும் தமிழ் நாவலின் முதல் நூற்றாண்டும்

1. முன்னுரை

ஒரு நாவல் எத்தனை பதிப்புகள் கண்டது, எந்தப் பரிசைப் பெற்றது, எந்த மொழிகளில் பெயர்க்கப்பட்டது என்பவற்றை இலக்கிய வரலாறு கவனத்தோடு பதிவுசெய்து வந்துள்ளது. அதே நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவரைப் பற்றி அவ்வரலாறு பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. மூடிவைத்தவர் மதிப்புரை எழுதுவதில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதும் அரிது. ஆயினும் நாவலாசிரியர், பத்திரிகை ஆசிரியர், பதிப்பாளர் ஆகிய மூவரும் அவரை மனத்திற்கொண்டே எழுதியும் திருத்தியும் மறுத்தும் வந்துள்ளனர். அறிவுரை மிகுந்தால் வாசகர் விலகுவார், வருணனை நீண்டால் விலகுவார், கிளைக்கதை புகுந்தால் விலகுவார், கதை தாமதமாகத் தொடங்கினால் விலகுவார் என்னும் விதிகள் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவை.

இவ்விதிகள் வரலாற்றுச் சான்றுகளின் முன் எவ்வளவு தூரம் நிலைபெறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதன்பொருட்டு, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் தோன்றிய இரு நாவல்கள் தமிழ் நாவலின் முதல் நூற்றாண்டோடு வைத்து நோக்கப்படுகின்றன. ஒன்று, 1909-1910இல் நாளிதழில் தொடராக வந்த லூயிஜி நத்தோலியின் 'பெயாத்தி பவோலி'. மற்றொன்று, 1958இல் ஆசிரியரின் மறைவுக்குப் பின் வெளியான ஜுசேப்பே தொமாசி தி லம்பெதூசாவின் 'இல் கத்தோபார்தோ'. ஆங்கிலத்தில் 'தி லெப்பர்ட்' என்று அறியப்படுவது. முன்னது மேற்கூறிய விதிகளுட் சிலவற்றைக் கைக்கொண்டது. பின்னது ஏறத்தாழ அனைத்தையும் மீறியது. இரண்டையும் மக்கள் விரும்பிப் படித்தனர்.

பலெர்மோ தமிழருக்கு அந்நிய நகரமன்று. 1980களிலிருந்து ஈழத்தமிழர் அங்கே குடியேறி வாழ்கின்றனர். பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் ஏறிச் சென்று வழிபடுவது அந்நகரத்தார் நன்கறிந்த காட்சி. வீட்டில் தமிழும் பள்ளியில் இத்தாலியமும் பேசும் தலைமுறையொன்று அங்கே வளர்ந்துவிட்டது. அத்தலைமுறை ஒரு தமிழ் நாவலை எந்த இடத்தில் மூடிவைக்கும் என்னும் கேள்வி இன்று வெறும் ஆய்வுக் கேள்வியாக இல்லை.

2. பலெர்மோ, 1909: கேட்டுப் பழகிய வாசகர்

நத்தோலி (1857-1941) பலெர்மோவில் பிறந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியவர், நகரத்தின் வரலாற்றை ஆவணங்களில் தேடிப் படித்தவர். 'வில்லியம் கால்ட்' என்ற புனைபெயரில் 'ஜொர்னாலே தி சிசிலியா' நாளிதழில் அவர் எழுதிய தொடர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிகழ்வது. அண்ணன் குடும்பத்தை ஏமாற்றிச் சொத்தையும் பட்டத்தையும் கவர்ந்துகொண்ட தொன் ரைமொந்தோ, தன் பிறப்பை அறியாது வளர்ந்த வீரன் பிளாஸ்கோ, நிலத்தடி மண்டபத்தில் முகமூடியணிந்து கூடி எளியோருக்கு நீதி வழங்கும் இரகசியக் குழு ஆகியோரைச் சுற்றிக் கதை சுழல்கிறது.

இத்தொடரில் வருணனைக்குக் குறைவில்லை. பழைய வீதிகள், அரண்மனைச் சடங்குகள், ஸ்பானிய ஆட்சி நீங்கிச் சவோய் அரசர் வந்த அரசியல் மாற்றம் ஆகியவற்றை நத்தோலி பக்கம் பக்கமாக விவரிக்கிறார். வருணனை நீண்டால் வாசகர் விலகுவார் என்னும் விதி மெய்யாயின் இத்தொடர் இடையிலேயே நின்றிருக்க வேண்டும். மாறாக, அது நாள்தோறும் எதிர்பார்க்கப்பட்டது. சாதாரண மக்களின் வீடுகளில் ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது சிசிலி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், 'வாசகர்' என்ற சொல்லின் பொருள் இங்கே விரிவடைவதை உணரலாம்.

இவ்வாசகர் கேட்டுப் பழகியவர். பலெர்மோவின் சதுக்கங்களில் 'குந்தாஸ்தோரியே' எனப்பட்ட கதைசொல்லிகள் கையில் வாளேந்தி, காலால் தாளமிட்டு, சார்லமேன் மன்னனின் வீரர்களது கதையை நாட்கணக்கில் சொல்லிவந்தனர். அதே கதைகளைப் பாவைக்கூத்தர்கள் இரவுதோறும் தொடர்ச்சியாக ஆடிக்காட்டினர். ஜுஸ்தோ லோ தீக்கோ என்பவர் அக்கதைகளைத் தொகுத்து 1858-1860 காலப்பகுதியில் பலெர்மோவில் சிறுசிறு பகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டார். வாள் ஓங்கிய நிலையில் கதையை நிறுத்திவிட்டு மறுநாள் தொடரும் உத்தி, நாளிதழ்த் தொடர்கதை பிறப்பதற்கு முன்பே அந்நகர மக்களுக்குப் பழக்கமானது. கிளைக்கதையும் அவ்வாறே. சபையில் அமர்ந்து கேட்பவருக்கு இடைவிலகல் சுமையாகத் தோன்றுவதில்லை. சொல்பவரின் குரல் அவரைத் தாங்கிச் செல்கிறது. நத்தோலி விவரித்த வீதிகளோ, கேட்டவர்கள் அன்றாடம் நடந்து செல்லும் வீதிகள். தங்கள் காலடியில் அத்தகைய மண்டபம் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே வருணனையைக் கதையின் பகுதியாக்கிவிட்டது. 1971இல் உம்பெர்த்தோ எக்கோவின் முன்னுரையோடு பலெர்மோவின் ஃபிளாக்கோவியோ பதிப்பகம் இந்நாவலை மீண்டும் வெளியிட்டபோதும் அதற்கு வாசகர் இருந்தனர்.

3. சபையிலிருந்து அச்சுக்கு: தமிழ் நாவலின் தொடக்கம்

இதே நிலைமையைத் தமிழிலும் காணலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் நாட்கணக்கில் நிகழும் பாரதப் பிரசங்கமும், கதாகாலட்சேபமும், ஊர்த்திண்ணையில் அம்மானையும் கதைப்பாடலும் படிக்கக் கேட்ட பழக்கமும் முதல் தமிழ் நாவல்களின் வாசகரை உருவாக்கியிருந்தன. தமிழ்ச் சமூகத்தில் உரக்கப் படித்தல் மெல்ல மறைந்து மௌன வாசிப்பு தலையெடுத்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மாற்றத்தை மனத்திற்கொண்டு நோக்கினால், தொடக்ககால நாவல்களின் 'குறைகள்' எனப் பிற்காலத் திறனாய்வாளர் குறித்தவற்றுட் சில குறைகளல்ல என்பது புலப்படும்.

1879இல் வெளியான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' கிளைக்கதைகளும் அறவுரைகளும் நிறைந்தது. ஒரு பாத்திரம் ஓர் ஐயத்தை எழுப்பினால் அதற்கு விடையாக ஒரு கதை வரும். அக்கதையின் முடிவில் ஒரு நீதி வரும். முன்சீபாகப் பணியாற்றியவரின் வழக்குமன்ற அனுபவமும் நகைச்சுவையும் கலந்த அக்கதைகளைத் தனித்தனியே எடுத்துச் சொல்ல முடியும். நாவலை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். கேட்டுப் பழகிய வாசகருக்கு இது இயல்பான அமைப்பு. தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் வாசகருக்குச் சலிப்பூட்டுவது கிளைக்கதையைக் காட்டிலும், ஞானாம்பாளின் செயலில் தாமே கண்டுகொண்ட அறிவுக்கூர்மையை ஆசிரியர் மறுபடியும் நீதியாக எடுத்துரைக்கும் இடமே. முன்னதில் வாசகருக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது. பின்னதில் அவரிடம் ஏற்கெனவே இருப்பது திருப்பித் தரப்படுகிறது.

பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து 1896இல் நூலான இந்நாவலைத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21. சிறுகுளம் என்னும் ஊரின் வம்புப் பேச்சு, பெண்களின் கூட்டம், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் பாடம், முத்துஸ்வாமி அய்யர் குடும்பத்தின் பிணக்கு ஆகியவை நிரம்பிய முற்பகுதி இன்றும் தடையின்றிப் படிக்கக்கூடியது. பிற்பகுதி வேதாந்தத்தை நோக்கித் திரும்புகிறது. கதை தமக்கு முதன்மையன்று, அலைக்கழிந்த ஓர் ஆன்மா அமைதியடைந்ததைக் கூறுவதே தம் கருத்து என்று ஆசிரியரே இறுதியில் தெரிவிக்கிறார். இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள விரிசலைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அதன் காரணத்தைத் தத்துவத்தின் மேல் ஏற்றுவது பொருந்தாது. ஊராரின் அவதூறு ஒரு குடும்பத்தை எவ்வாறு சிதைக்கிறது என்னும் கேள்வியை முற்பகுதி வாசகரிடம் ஒப்படைக்கிறது. வாசகர் அதைச் சுமந்துகொண்டு வருகிறார். பிற்பகுதி அக்கேள்விக்கு அதே தளத்தில் விடை தேடாமல், அதனை வேறொரு தளத்துக்கு உயர்த்தித் தீர்த்துவிடுகிறது. சுமந்து வந்தவரின் கை அங்கே வெறுமையாகிறது.

ஈழத்திலும் நாவல் இதே நோக்கங்களோடு தொடங்கியது. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' சாகசக் கதையின் வேகத்தைத் துணைக்கொண்டது. 1914இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' கிறிஸ்தவ அறநெறியைத் துணைக்கொண்டது. வேகம், அறம் என்னும் இவ்விரு வழிகளே அடுத்த அரை நூற்றாண்டுக்கும் தமிழ் நாவலாசிரியர் வாசகரைத் தக்கவைக்கக் கையாண்ட வழிகளாயின.

4. முடிச்சும் வாக்குறுதியும்

நத்தோலியின் தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1908இல், ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரும் சேர்ந்து வளர்த்த துப்பறியும் நாவல் மரபு, ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் மர்மக் கதைகளிலிருந்து பெருமளவு கடன் பெற்றது. அத்தியாயத்தின் இறுதியில் முடிச்சு, அடுத்த அத்தியாயத்தில் வேறு இடம், வேறு ஆள் என்னும் அமைப்பு அன்று வேரூன்றியது. இந்நாவல்களைப் படித்த இளைஞரும் பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று சமூகப் பெரியோர் கவலைப்பட்டனர். அவர்கள் அஞ்சியது வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார் என்றன்று; மூடாமல் இருப்பார் என்றே.

வாரப் பத்திரிகைகளின் காலத்தில் இவ்வமைப்பு முழு வளர்ச்சி பெற்றது. அதன் உச்சம் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்'. இத்தொடரிலும் வரலாற்று விளக்கங்கள் நீளமானவை. ஆசிரியர் கதையை நிறுத்தி வாசகரோடு உரையாடுவது அடிக்கடி நிகழ்வது. அச்சில் வந்தபோதிலும் கல்கியின் குரல் சபையின் குரல் என்பதால் அவ்விளக்கங்களை வாசகர் ஏற்றுக்கொண்டனர். வாரந்தோறும் வந்த பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து வீட்டிலேயே கட்டடம் செய்து பாதுகாத்த குடும்பங்கள் பல. விலகாத வாசகர் விட்டுச்சென்ற சான்று என்று அக்கட்டடத் தொகுதிகளைக் கொள்ளலாம்.

ஆனால் தொடர் முடிவுற்றபோது வாசகரிடமிருந்து ஒரு முறையீடு எழுந்தது. கதை திடீரென்று முடிந்துவிட்டது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று தெரியவில்லை என்று அவர்கள் எழுதினர். கல்கி முடிவுரையொன்றை எழுதி அவ்வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. மூன்றரை ஆண்டுகள் நீண்ட ஒரு நாவலைப் பற்றி வாசகர் தெரிவித்த குறை, அதன் நீளமன்று. ஒவ்வொரு முடிச்சும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதிகள் சில நிறைவேறவில்லை என்பதே குறை. பிற்காலத்தில் கல்கியின் ஆற்றலின்றி அவரது முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்ட தொடர்கதைகள் விரைவில் மறக்கப்பட்டமைக்கும் இதுவே காரணமாதல் கூடும். தொடர்கதை மரபு தமிழ் நாவலின் தரத்தைத் தாழ்த்தியது என்பது க. நா. சுப்ரமண்யத்தின் உறுதியான கருத்து. அக்கருத்தில் உண்மை உண்டு. எனினும், தொடர்கதையின் குறையை அதன் சுவாரசியத்தில் தேடாமல், நிறைவேறாத வாக்கில் தேடுவது பொருத்தமாகும்.

5. பலெர்மோ, 1954-1958: மறுக்கப்பட்ட கையெழுத்துப்படி

'பொன்னியின் செல்வன்' முடிவுற்ற 1954ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பலெர்மோவில் ஏறத்தாழ 58 வயதான ஒரு பிரபு தம் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். லம்பெதூசாவின் குடும்ப மாளிகை 1943 ஏப்ரலில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அவர் பூத்தேரா வீதியிலிருந்த வேறொரு வீட்டில் வாழ்ந்தார்; காலைப் பொழுதுகளைத் தேநீர், காப்பிக் கடைகளில் புத்தகங்களோடு கழித்தார். வாழ்நாள் முழுதும் வாசகராக மட்டுமே இருந்தவர் அவர். 1920களில் வெளிவந்த சில கட்டுரைகளைத் தவிர எதையும் அவர் அச்சிட்டதில்லை.

எழுதத் தொடங்குமுன்பே, பிரான்செஸ்கோ ஒர்லாந்தோ முதலிய இளைஞர் சிலருக்கு ஆங்கில, பிரெஞ்சு இலக்கியங்களை வீட்டிலேயே கற்பித்துவந்தார். அப்பாடங்களில் அவர் எழுத்தாளர்களை இரு வகைப்படுத்தினார்: 'பருத்தவர்', 'மெலிந்தவர்'. பருத்தவர் எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுபவர். மெலிந்தவர் சொல்லாமல் விட்டதை வாசகர் நிரப்பிக்கொள்ள இடமளிப்பவர். இரு வகையிலும் மேதைகள் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார்; ஆயினும் மெலிந்தவரான ஸ்தெந்தாலிடம் அவருக்குத் தனிப்பற்று இருந்தது. இத்தாலியரின் இலக்கியச் சுவையை இசைநாடகம் கெடுத்துவிட்டது என்பதும் அவர் கருத்து. மேடையில் ஒவ்வோர் உணர்ச்சியும் உரத்துப் பாடப்படுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்குக் குறிப்பாற் பொருளுணர்த்தும் எழுத்து பிடிபடுவதில்லை என்று அவர் கருதினார்.

ஒர்லாந்தோ தட்டச்சு செய்த படி, லம்பெதூசாவின் உறவினரும் கவிஞருமான லூச்சோ பிக்கோலோவின் வழியாக 1956இல் மிலான் நகரின் மொந்ததோரி பதிப்பகத்துக்குச் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் மறுக்கப்பட்டது. பின்னர் எய்னௌதி பதிப்பகத்தின் சார்பில் அதனைப் படித்தவர் எலியோ வித்தோரினி. அவரும் சிசிலியரே, 'சிசிலியில் உரையாடல்' என்னும் புதுநெறி நாவலின் ஆசிரியர். 1957 ஜூலை 2ஆம் நாளிட்ட அவருடைய கடிதம், நாவலின் நேர்மையை ஏற்றுக்கொண்டு, அதன் முறையும் மொழியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குரிய பழமை வாய்ந்தவையாகத் தோன்றக்கூடும் என்றது. ஒரு காலத்தின் கதையாக வளராமல், இளவரசரின் உளவியல் எதிர்வினைகளை விவரிப்பதாக நாவல் நின்றுவிட்டது என்பது அவர் முன்வைத்த முதன்மையான குறை. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக உரோமில் தங்கியிருந்த லம்பெதூசாவுக்கு இம்மறுப்பு இறுதி நாட்களில் கிட்டியது. ஜூலை 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

எலேனா குரோச்சேயின் மூலம் இன்னொரு படி ஜோர்ஜோ பஸ்ஸானியின் கைக்கு எட்டியது. நாவலாசிரியரான பஸ்ஸானி அதன் மதிப்பை உணர்ந்து பலெர்மோவுக்குச் சென்று மூலப்படியைத் தேடிப் பெற்றார். 1958 நவம்பரில் ஃபெல்த்ரினெல்லி அதனை வெளியிட்டது. சில மாதங்களிலேயே மறுபதிப்புகள் தொடர்ந்தன; 1959இல் ஸ்த்ரேகா பரிசு கிடைத்தது; 1963இல் விஸ்கோந்தி அதனைத் திரைப்படமாக்கினார். எந்த வாசகர் விலகுவார் என்று பதிப்பகத்தார் எண்ணினார்களோ, அந்த வாசகர் விலகவில்லை. அதனை அறிய ஆசிரியர் இருக்கவில்லை.

6. விலகாமைக்கான காரணங்கள்

'இல் கத்தோபார்தோ' 1860 மே மாதத்தில் ஒரு குடும்பச் செபமாலை முடியும் தருணத்தில் தொடங்குகிறது. கரிபால்தியின் படை சிசிலியில் இறங்கும் காலமாயினும் போர் எங்கும் நேராகக் காட்டப்படுவதில்லை. எட்டுப் பகுதிகளுள் ஆறாவது 1862இலும், ஏழாவது 1883இலும், எட்டாவது 1910இலும் நிகழ்கின்றன. இடையே பல்லாண்டுகள் ஒரு வரியும் இன்றித் தாண்டப்படுகின்றன. ஐந்தாம் பகுதி முழுவதும் குடும்பக் குருவான பிர்ரோனே தம் சொந்த ஊருக்குச் சென்றுவரும் கிளைக்கதை. 1862இல் நிகழும் காட்சியின் நடுவே 1943இன் குண்டைப் பற்றிப் பேசி ஆசிரியர் குறுக்கிடுகிறார். விதிகளின்படி நோக்கினால் இவை யாவும் தவறுகள்.

இத்தவறுகள் வாசகரை வெளியேற்றாமைக்கு மூன்று காரணங்களை நாவலினின்றே காட்டலாம்.

முதலாவது, செய்தி தரப்பட்டு முடிவு வாசகரிடம் விடப்படுகிறது. தொன்னாஃபுகாத்தா ஊரில் நடந்த பொதுவாக்கெடுப்பின் முடிவை நகரத் தலைவர் அறிவிக்கிறார்: வாக்காளர் 515, வாக்களித்தோர் 512, ஆம் 512, இல்லை சுழியம். பின்னர் வேட்டைத்துணைவனான சிச்சோ துமேயோ தான் 'இல்லை' என்றே வாக்களித்ததாகக் கொதித்தெழுகிறான். கணக்கு பொய்த்த அக்கணத்தில் வாசகரே கழித்துப் பார்த்துவிடுகிறார். இளவரசரின் சிந்தனை அதன் பின்னரே வருகிறது.

இரண்டாவது, கிளைக்கதைக்குப் பயன் உண்டு. பிர்ரோனேயின் ஊரில் நிலத்தகராறு ஒன்று ஒரு திருமணத்தால் தீர்த்துவைக்கப்படுகிறது. இளவரசரின் மருமகன் தன்கிரேதிக்கும் புதுப்பணக்காரரின் மகள் ஆஞ்செலிக்காவுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தின் எளிய வடிவமே அது. இவ்வொற்றுமையை உரைத்துத் தீர்க்காமல் வாசகரின் நினைவுக்கே ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, வாக்கு நிறைவேறுகிறது. முதற் பக்கங்களில் செபம் முடிந்ததும் அறைக்குள் ஓடிவரும் பெந்திக்கோ என்னும் நாய், அரை நூற்றாண்டு கடந்து இறுதிப் பத்தியில், பாடம் செய்யப்பட்ட தோலாகச் சாளரத்தின் வழியே குப்பையில் எறியப்படுகிறது. 1957 மே மாதம் நண்பர் என்ரிக்கோ மேர்லோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்நாய் நாவலுக்கு ஏறத்தாழத் திறவுகோல் என்று லம்பெதூசா குறிப்பிட்டார். முடிச்சு என்று தோன்றாமலே தொடங்கி, அவிழ்ந்தபோதே முடிச்சென்று உணரப்படுவது இது.

வித்தோரினி கண்ட குறையையும் இவ்விடத்தில் மீண்டும் நோக்கலாம். ஒரு காலத்தின் வீழ்ச்சியை ஒரு மனிதரின் மனநிலைகளாகவே நாவல் தருகிறது என்ற அவருடைய கவனிப்பு சரியானது. வீழ்ச்சியை ஆசிரியர் விளக்கியிருந்தால் வாசகர் மாணவராகியிருப்பார். ஒரு கிழவரின் களைப்பாக அது வந்தமையால் அவர் அருகில் அமர்ந்திருப்பவராகிறார். கூர்மையான வாசகரும் தாம் வாழும் காலத்தின் இலக்கியக் கொள்கையைப் பொதுவாசகரின் சலிப்பென மயங்கிவிட இயலும் என்பதற்கு அக்கடிதம் சான்று.

7. விளக்கும் பழக்கமும் புலம்பெயர் நாவலும்

மௌன வாசகரை நோக்கிய தமிழ் நாவலிலும் இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டு உண்டு. 1966இல் நூலாக வந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நேர்கோட்டில் செல்லும் கதையைக் கொண்டதன்று. தாமோதர ஆசான் என்னும் முதியவர் சொல்லும் கதைகள் அதன் முற்பகுதியை நிரப்புகின்றன. அவற்றைக் கேட்டு நிற்கும் இளைஞர் கூட்டமும் ஆசான் பேச்சை இழுத்தடிக்கும் அழகும் நாவலுக்குள்ளேயே இடம்பெறுவதால், இடைவிலகல் ஒரு மனிதரின் இயல்பாகிவிடுகிறது. சபை அச்சுக்குள் மீண்டும் அமைக்கப்படுகிறது.

புலம்பெயர் எழுத்தில் இப்பிரச்சினை புதிய வடிவெடுக்கிறது. தாயகத்தை அறியாத வாசகருக்காக எழுதுகிறோம் என்ற எண்ணம், விளக்கும் பழக்கத்தை வளர்க்கிறது. ஒரு பாத்திரம் பிட்டு அவித்தால் பிட்டு யாது என்பதும், ஒருவர் இடம்பெயர்ந்தால் போரின் வரலாறும் உடன் வருகின்றன. அறிந்தவருக்கு இது மிகை. அறியாத இளையோருக்கும் இது உதவுவதில்லை. தாம் அந்நியர் என்பதைப் பக்கந்தோறும் நினைவூட்டப்பெறுவதால் அவர்கள் சோர்கின்றனர். முதல் தமிழ் நாவல்களின் அறவுரை இன்று தகவலுரையாக உருமாறி நிற்கிறது.

லம்பெதூசாவும் அந்நியருக்குத் தம் தீவை விளக்க வேண்டிய நிலையில் இருந்தவரே. நான்காம் பகுதியில் செவல்லே என்னும் பியெமோந்தே அதிகாரி, புதிய அரசின் மேலவையில் இடம்பெறுமாறு இளவரசரை வேண்டுகிறார். மறுமொழியாக இளவரசர் சிசிலியின் வெயிலையும் வறட்சியையும் மக்களின் உறக்க வேட்கையையும் பற்றி நீண்ட உரையொன்றை ஆற்றுகிறார். நாவலின் மிக நீளமான விளக்கம் இதுவே. மிகுதியாகப் பேசப்படும் பகுதியும் இதுவே. அவ்வுரைக்கு ஒரு தேவை இருக்கிறது: பதவியை மறுப்பது. அதனைக் கேட்பவர் நல்லெண்ணம் உடையவர். ஆயினும் முழுவதும் விளங்கிக்கொள்ள முடியாதவர். பேசுபவர் சொல்வது முழு உண்மையா, தம் செயலின்மைக்குத் தேடிக்கொண்ட நியாயமா என்று வாசகர் ஐயுறவும் இடமுண்டு. விளக்கம் இங்கே தகவலாக நில்லாமல் நிகழ்ச்சியாகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். நீளம், வருணனை, கிளைக்கதை, மெதுவான தொடக்கம் ஆகியவை தம்மளவில் வாசகரை விலக்குவனவல்ல. நத்தோலியும் கல்கியும் லம்பெதூசாவும் இவற்றைத் தாராளமாகக் கையாண்டும் வாசகரை இழக்கவில்லை. வாசகர் தாமே கண்டுகொண்டதைத் திரும்ப உரைத்தல், ஒப்படைத்த கேள்வியை இடையில் மாற்றிவிடுதல், எழுப்பிய எதிர்பார்ப்பை நிறைவேற்றாமை ஆகிய மூன்றுமே விலகலுக்கு நெருங்கிய காரணங்கள். உரக்கப் படிக்கக் கேட்ட காலத்தில் குரலின் துணையால் முதலாவது பொறுக்கப்பட்டது. மௌன வாசிப்பில் அத்துணை இல்லை.

இம்முடிவுகளை உறுதிசெய்யத் தமிழில் சான்றுகள் இன்னும் திரட்டப்பட வேண்டும். பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பகுதிகள், ஊர் நூலகங்களின் இரவல் பதிவேடுகள், வீடுகளில் கட்டப்பட்ட தொடர்கதைத் தொகுதிகள், அவற்றின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகள், பாதி வரை மட்டுமே பக்கங்கள் பிரிக்கப்பட்ட பழைய நூல்கள் ஆகியவை விலகிய வாசகரின் சுவடுகள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனமும் காத்துவைத்துள்ள இதழ்த் தொகுதிகளில் இத்தேடலைத் தொடங்கலாம். புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில், மாணவர்கள் எந்தப் பக்கத்தில் ஒரு நாவலை மூடிவைக்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் குறித்துவைத்தால் அதுவும் ஆவணமாகும்.

பதிப்பாசிரியர்களுக்கும் பரிசுக் குழுவினருக்கும் பலெர்மோவின் வரலாறு விடுக்கும் எச்சரிக்கை ஒன்றுண்டு. 'இதனை வாசகர் படிக்கமாட்டார்' என்று ஒரு கையெழுத்துப்படியைத் திருப்பி அனுப்பும்போது, படிக்கமாட்டாதவர் வாசகரா, தாமா என்பதை அவர்கள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று. பஸ்ஸானியைப் போன்ற இன்னொருவர் எல்லாக் கையெழுத்துப்படிகளுக்கும் வாய்ப்பதில்லை.